சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்

ராயபுரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. மீனவக் குப்பத்துப் பெண்களுக்கு அவர் டாக்டரம்மா. கல்மண்டபம் கடைத்தெருவில் லாரிக்காரர் பொண்ணு. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து வந்து, அவருடைய பிரசவ கிளினிக்கில் நர்ஸாக இருந்த எனக்கும் டாக்டரம்மாதான். என்னைவிட வயதில் சற்று இளையவர். ஆனாலும் அவர் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் என் முதுகு தானாக நிமிரும்.

ஒரு பொருளின் மேல் அவரைப் போல ஆசைப்பட்டவரை நான் பார்த்ததில்லை. அதே பொருளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரைப் போல நடந்து போனவரையும் பார்த்ததில்லை.

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடை ஒன்றில் ஒரு நாள் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா ஜமக்காளத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "சிஸ்டர், இன்னா கலரு பாத்தியா!" என்று கடைக்காரர் காதுபடவே சொன்னார். கூட்டங்களில் சீமையில் படித்து வந்தவரைப் போல இங்கிலீஷில் பேசுவார். சந்தோஷம் வந்துவிட்டால் வாயில் ராயபுரம் வந்துவிடும். கடைக்காரர் அப்போதே விலையை மனசுக்குள் ஏற்றியிருப்பார். டாக்டரம்மா சேலையை முழுசாகப் பிரிக்கச் சொன்னார். முந்தானையிலிருந்து உள்தலைப்பு வரை விரல்களால் தடவிக்கொண்டே போனார். உள்ளே ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இழை இழுத்துக்கொண்டிருந்தது.

"அது கொசுவத்துல போயிடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனுக்குத் தெரியுமே நைனா," என்று சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே வாசல் வரை வந்தார். டாக்டரம்மா காரை எடுத்துவிட்டார். ராயபுரம் வந்து சேரும்வரை அந்த அரக்கு நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

சேலை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சீமைக்குப் போய் வந்த ஒரு என்ஜினீயர் அவரைப் பெண் பார்க்க வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவர் வருகிற நாட்களில் டாக்டரம்மா தலையில் மல்லிகை இருக்கும். இரண்டு மூன்று தடவை கிளினிக்குக்கே வந்து பேசிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தபோது, கல்யாணத்துக்கு அப்புறம் குப்பங்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கப் போக வேண்டியதில்லை, வீட்டோடு இருக்கலாமே என்றார்.

"இது இப்பத் தோணினதா, மொதல்லேயே மனசில இருந்ததா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"முதல்லேயே இருந்ததுதான். சமயம் பார்த்துச் சொல்லலாம்னு..."

டாக்டரம்மா அவருக்குக் காபி கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம். கல்நெஞ்சு என்றுகூட நினைத்தேன். அவரோ கை கழுவிக்கொண்டே, "அவர் கெட்டவர் இல்ல சிஸ்டர். மறைச்சு வெச்சிருந்தார். அதான்," என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

"ஆசை வரட்டும், தப்பில்ல. ஆனா அது பின் சீட்ல ஒக்காரணும். ஸ்டீரிங்கப் புடிக்கக் கூடாது," என்பார் அடிக்கடி. அவருடைய அப்பா வண்ணாரப்பேட்டையில் லாரிகள் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெண் லாரிக்கு அடியில்தான் கிடப்பாளாம். அதனால் பேச்சு எதை எடுத்தாலும் வண்டியில் போய் நிற்கும்.

அப்போது சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்களை விரட்டிப் பார்ப்பார்கள். யாரோ சிநேகிதர் அழைத்தார் என்று டாக்டரம்மா ஒரு ஞாயிறு அங்கே போனார். மறுநாள் கிளினிக்குக்கு வந்தபோது முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"சிஸ்டர், ரெண்டே சீட்டு. தரையோட தரையா படுத்துகினு கீது. ஓடச்சொல்ல பாடுது சிஸ்டர், நெஜமாவே பாடுது!"

"என்ன டாக்டரம்மா?"

"ரேஸ் காரு. எனுக்கு ஒண்ணு வேணும்."

"பின் சீட்டே கிடையாதே. உங்க ஆசையை எங்கே உட்கார வைப்பீங்க?" என்றேன். ஸ்டெதஸ்கோப் கழுத்திலிருந்து நழுவி விழும்வரை சிரித்தார்.

புது வண்டிக்கு வழியே இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்க அனுமதி கிடைக்காது. ஆனால் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜமீன்களும் கலைந்துகொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போகிற பழைய வண்டிகளில் ஒன்றைத்தான் தேட வேண்டும். தேட ஆரம்பித்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். பொம்பளை டாக்டருக்கு ரேஸ் கார் எதற்கு என்று ராயபுரமே பேசியது. எனக்கும் உள்ளூர அதே கேள்விதான்.

முதலில் எண்ணூர். ஏரிப் பக்கம் சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு பங்களா. அங்கிருந்த தொழிற்சாலை மேனேஜர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறார். பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் வண்டி, கண்ணாடி மாதிரி மின்னியது. மீட்டரைப் பார்த்தால் ஓடியதே இல்லை என்று சொல்ல வேண்டும். துரை வெளியே போயிருந்தார். பட்லர்தான் காட்டினான்.

"தொரை ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டும்தாம்மா எடுப்பாரு."

தான் வருகிற வரைக்கும் என்ஜினைக் கிளப்பக் கூடாது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, ஆசையாக அதன் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சுடுதே?"

"வெயிலும்மா."

"கொட்டாய்க்குள்ள ஏதுப்பா வெயிலு?"

பட்லர் தலையைச் சொறிந்தான். டாக்டரம்மா குனிந்து, கால் வைக்கிற மிதிகளைப் பார்த்தார். அவற்றின் ரப்பர் தேய்ந்து, வரி அழிந்து, வழவழப்பாக இருந்தது.

"சர்ச்சு இன்னா, பெங்களூர்லயா கீது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு விளக்கினார். "ராத்திரி பூரா குளுந்து கெடந்த என்ஜின காலைல மொத மொதல்ல கிளப்பணும். அப்பதான் அதுக்கு உள்ள இருக்கிற இருமல், சளி எல்லாம் தெரியும். சூடாக்கி வெச்சிட்டா எல்லா என்ஜினும் நல்ல பிள்ளைதான் சிஸ்டர்."

அடுத்தது மவுண்ட் ரோடு பக்கம் பழைய கார் விற்கிற ஒருவர். அங்கே சிவப்பு வண்டி. புது பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. டாக்டரம்மா கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். அதைக் கைக்குட்டையோடு வண்டியின் உடம்பில் வைத்து நகர்த்தினார். கதவில் ஒட்டியது. பின்புறம் ஒட்டியது. முன் சக்கரத்தின் மேல் வந்ததும் பொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. எங்கோ மோதி நசுங்கிய இடத்தில் மாவு பூசி, இழைத்து, மேலே சிவப்பு அடித்திருந்தார்கள்.

"அம்மா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க. சாயங்காலம் ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளை பணத்தோட வர்றாரு," என்றார் கடைக்காரர்.

"அவருக்கே குடுத்துடுங்க. நல்லா இருக்கட்டும்."

இப்படிப் பார்த்தால் உலகத்தில் வண்டியே கிடைக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்சிக்காரர் வந்தார்.

ராயபுரத்தில் அப்போது சில பார்சிக் குடும்பங்கள் இருந்தன. இவர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, எண்ணெய் எல்லாம் சப்ளை செய்தவர். எல்லோருக்கும் பாவாஜி. அறுபதைத் தாண்டிய ஒற்றை மனிதர். யுத்தத்துக்கு முன்னால் ஓர் இத்தாலிக் காரை ஆசைப்பட்டுக் கப்பலில் வரவழைத்தவர். அதன் பெயர் என் வாயில் கடைசிவரை நுழையவில்லை. பெங்களூருக்கும் பம்பாய்க்கும் அதிலேயே போய் வந்தவர். கண்ணில் புரை விழ ஆரம்பித்ததால் விற்க நினைத்தார்.

"மீட்டர் ஒரு ரவுண்டு முழுசா சுத்திட்டு மறுபடி மொதல்லேருந்து வந்துகினு கீது டாக்டரம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். மூணாவது கியர் போடச்சொல்ல கொஞ்சம் பேஜாரு பண்ணும். மழை வந்தா உள்ள ஒழுகும். வேற ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு ஓடின வண்டியா?" என்று நான் டாக்டரம்மா காதில் கிசுகிசுத்தேன்.

"ஓடினது தப்பில்ல சிஸ்டர். ஓடினத மறைக்கிறதுதான் தப்பு. தெனம் ஓட்டி, தெனம் எண்ணெய் பாத்து வெச்ச வண்டி, போர்வ போட்டு மூடி வெச்ச வண்டிய வுட நல்லா இருக்கும்," என்றார். கண்ணில் அந்தப் பளபளப்பு வந்துவிட்டது.

பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிறு விடிகாலை. கிளம்பும்போது என்னிடம், "குழந்தைங்களுக்குப் போடற பௌடர் டின் ஒண்ணு எடுத்துக்கோ. கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய துணி," என்றார். எந்த வீட்டிலோ பிரசவம் இருக்கிறது போலிருக்கிறது, மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைக்க என்று நினைத்துக்கொண்டேன்.

பாவாஜியின் கிடங்கில் சணல் சாக்குகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே அந்த வண்டி நின்றது. அடர்சிவப்பு, அங்கங்கே வெளுத்திருந்தது. தோல் சீட்டில் தையல் பிரிந்திருந்தது. நீண்ட மூக்கு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தொட்டுப் பார்க்கத் தோன்றியது. டாக்டரம்மா உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது.

"சிஸ்டர், பின்னாடி போய் நில்லு. பொகை இன்னா கலர்ல வருதுன்னு பாத்துச் சொல்லு. நீலமா, கறுப்பா? ரெண்டுமே ஆவாது."

கிளப்பினார். இரண்டு தடவை இருமியது. வெள்ளையாக ஒரு சுருள் புகை வந்து கலைந்தது. அப்புறம் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது, புறாக்கள் பறந்தன. "நீலமும் இல்ல, கறுப்பும் இல்ல!" என்று கத்தினேன். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவாஜி தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "போதும், நகந்து ஒக்காரு... இல்ல இல்ல, நீயே ஓட்டு. நேரா சோழவரம் போலாம். தோஸ்துங்கோ எல்லாம் காத்துகினு கீறாங்கோ. அங்க வுட்டு ஒரு அழுத்து அழுத்திப் பாரு, அப்புறம் நீயா இத்த வுட மாட்டே."

டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டீரிங்கில் இருந்தன. கால் மிதியில் இருந்தது. கிடங்கின் கதவு திறந்திருந்தது, வெளியே காலை வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. அவர் போய்விடுவார் என்றே நினைத்தேன். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அடியில பாக்கல பாவாஜி."

"அடியில இன்னா கீது பாக்கறதுக்கு? மொதல்ல ஓட்டிப் பாரும்மா, அப்பால படுத்துக்கோ."

"மொதல்ல படுக்கிறேன். அப்பால ஓட்டுறேன்."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க மேல கீது. இரும்பு மேலதான் இல்ல."

பாவாஜிக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரில் எத்தனையோ பேர் இந்த வண்டிக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், இப்போது வந்தால் வா, இல்லாவிட்டால் விடு என்றார். டாக்டரம்மா புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அந்த நடை எனக்குத் தெரியும். சேலைக் கடையிலும் எண்ணூரிலும் பார்த்த நடை. அவர் தெருவுக்கு வந்துவிட்ட பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரி வா! வந்து படு! பொடவ அழுக்கானா என்னக் கேக்காத!"

சாக்கை விரித்து, மல்லாந்து, தலையை வண்டிக்கடியில் நுழைத்தார். எனக்கு அவருடைய கால்கள்தான் தெரிந்தன. "துணி... மண்ணெண்ணெய்..." என்று கையை நீட்ட, நான் ஆபரேஷனில் கொடுப்பதைப் போல ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஸ்டீரிங்கையும் முன் சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அதன் மேலிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். ஊறவிட்டார். பிறகு உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார்.

"பௌடர்."

இரும்பின் மேல் பௌடரைத் தூவிவிட்டு, ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தார். பாவாஜி மணியைப் பார்த்துக்கொண்டு உலாத்தினார். கிடங்கு முழுக்கப் பச்சைக் குழந்தை வாசனை.

"சிஸ்டர், குனிஞ்சு பாரு."

குனிந்தேன். வெள்ளைவெளேர் என்றிருந்த அந்த இரும்பின் வளைவில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. ஈரக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நீண்டது.

"இரும்பு வெடிச்சிருக்கு. மண்ணெண்ணெய் உள்ள போயிட்டு இப்ப வெளிய வருது. அப்பா லாரியில இப்படித்தான் பாப்பாரு."

"கிரீஸ் கறையா இருக்கும்," என்றார் பாவாஜி. டாக்டரம்மா துடைத்துவிட்டு மறுபடி தூவினார். அதே இடத்தில் அதே கோடு. பாவாஜி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் தரையில் படுத்தார். புரை விழுந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா அவர் விரலைப் பிடித்து, நகத்தை அந்தக் கோட்டின் மேல் இழுத்தார்.

"தடுக்குதா?"

பாவாஜி தானாக இன்னொரு தடவை நகத்தை இழுத்துப் பார்த்தார். "தடுக்குது," என்றார் பிறகு. எழுந்து ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். "போன வாரம் செங்குன்றத்துக்கு அந்தாண்ட எம்பதுல போனேன். அது ஒடஞ்சிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அன்று காலை சோழவரத்துக்கு யார் யார் போவதாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"பாதி வெலைக்கு எடுத்துக்கோ," என்றார்.

"வெல பேச்சு இல்ல பாவாஜி. சும்மா குடுத்தாலும் வேணாம்." டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

"வேணாம்ன்றே, சாவி எதுக்கு?"

"நான் அந்தாண்ட போனதும் தோஸ்துங்களப் பாக்கணும்னு எடுத்துகினு போயிடுவீங்க. ஒரே ஒரு தடவன்னு. குடுங்க."

அந்தக் கிழவர் தன் வண்டியின் சாவியை, அதை வாங்க மாட்டேன் என்று சொன்னவரின் கையில் வைத்தார். டாக்டரம்மா அதைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தார்.

எங்கள் சின்னக் கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"சிஸ்டர், எனுக்கு அந்த வண்டி வேணும்," என்றார், கண்ணில் நீர் முட்ட. "அந்தச் சத்தம் இன்னும் காதுலயே கீது."

கல்நெஞ்சு என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாவி கிளினிக்கில் பஞ்சு ஜாடிக்குள் கிடந்தது. அடுத்த வாரமே பாவாஜி வந்துவிட்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களின் வரிசையில் ஒரே ஓர் ஆண்பிள்ளை, கோட்டும் தொப்பியுமாக. முறை வந்ததும் உள்ளே போய், "சாவி?" என்றார்.

"புது இரும்புக் கை வந்துதா?"

"இத்தாலியிலேருந்து வரணும். எழுதிப் போட்டிருக்கேன்."

"வந்ததும் வாங்க."

வேறு யாராக இருந்தாலும் போலீசுக்குப் போயிருப்பார்கள். பாவாஜி மறுபடியும் மறுபடியும் வந்தார். கப்பல்காரர்கள் எல்லாம் அவருக்குச் சிநேகிதம். ஜெனோவா துறைமுகத்தில் ஏற்றிவிடும்படி ஒரு கப்பல் அதிகாரியிடம் சொல்லிவைத்திருந்தார். சாமான் ஏறிவிட்டது என்று ஒரு நாள் வந்து சொன்னார். கப்பல் சூயஸைத் தாண்டிவிட்டது என்று இன்னொரு நாள். அதற்குள் எங்கள் பெண்களுக்கெல்லாம் கதை தெரிந்துவிட்டது. "பாவாஜி, கப்பல் எங்க கீது?" என்று அவரைக் கண்டதும் கேட்பார்கள். "ஏடன்ல நிக்குது!" என்பார். காசிமேட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்தி, எனக்கு முந்தியா உன் கப்பலுக்கு முந்தியா பார்த்துவிடலாம் என்று பந்தயமே கட்டினாள். அவளுக்குத்தான் முந்தியது. ஆண் குழந்தை. பாவாஜி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

கப்பல் கொழும்பை விட்டுக் கிளம்பியது என்று கேட்ட அன்று டாக்டரம்மா பஞ்சு ஜாடியைத் திறந்து சாவியை வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போட்டு மூடினார்.

புதுக் கை வந்து சேர்ந்தது. மரப்பெட்டியை எங்கள் எதிரிலேயே உடைத்தார் பாவாஜி. வெள்ளி போல மின்னிய இரும்பு. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "பௌடர்," என்றார்.

"புதுசும்மா! பெட்டிய இப்பதான் ஒடச்சேன்!"

"அதுக்கின்னா? பௌடருக்குப் புதுசு பழசு தெரியாது."

கழுவி, துடைத்து, தூவி, காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதை மாட்டின பிறகு மறுபக்கத்துக் கையையும் அப்படியே பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். சக்கரங்களைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தார். இந்த முறை பாவாஜி மணியைப் பார்க்கவில்லை. அவரே மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூடவே தவழ்ந்தார்.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா எழுந்து நின்றார். முகத்திலும் மூக்கிலும் கறுப்பு.

"வாங்கிக்கிறேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பாவாஜி அழுதுவிட்டார். "நீ என் உசுரக் காப்பாத்தினவ. சும்மா எடுத்துகினு போ," என்றார்.

"சும்மா வந்த பொருள்ல குத்தம் சொல்ல முடியாது பாவாஜி. நான் குத்தம் சொல்றவ. வெலைக்கே குடுங்க."

அந்த வண்டியை அவர் நெடுங்காலம் ஓட்டினார். எண்ணூர்க் குப்பங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போனால் தூரத்துச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், வெந்நீர் வைத்துவிடுவார்கள். மூன்றாவது கியர் கடைசிவரை பேஜார் பண்ணிக்கொண்டுதான் இருந்தது. மழை நாட்களில் அவர் மடியில் தண்ணீர் சொட்டும். சொல்லித்தானே கொடுத்தார் என்பார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பௌடர் டின்னை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். பாவாஜி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அரட்டை அடிப்பார்.

வாங்கிய வாரத்து ஞாயிறு மூவரும் சோழவரம் போனோம். நான் பாவாஜியின் சிநேகிதர் காரில் வந்தேன். அந்தச் சிவப்பு வண்டியில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை. வெட்டவெளி. நீளமாகக் கிடந்தது சிமெண்ட் பாதை, அதன் வெடிப்புகளில் புல். டாக்டரம்மா புடவைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் பாவாஜி. கிளம்பினார்கள். வண்டி ஓடவில்லை, பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அப்புறம் வெறும் சத்தம். மறுகோடியில் திரும்பி, அந்தப் புள்ளி பெரிதாகி, காற்றை அறைந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போய் நின்றது. பாவாஜி தள்ளாடி இறங்கினார். தலையில் தொப்பியைக் காணோம்.

"தொப்பி எங்கே?" என்று கேட்டேன்.

"போவட்டும், கழுத! மூணாவது கியர என்னவுட நல்லா போடுறாம்மா இவ!"

டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், ஏறு."

"நான் எதுக்கு டாக்டரம்மா? எனக்கு..."

"ஏறு சிஸ்டர்."

முதுகு நிமிர்ந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். தரை அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கையை நீட்டினால் சிமெண்டைத் தொடலாம். ஏசுவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எழும்பியது. யாரோ என் நெஞ்சில் கை வைத்துச் சீட்டோடு அழுத்தினார்கள். காற்று வாய்க்குள் புகுந்தது, கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகமெல்லாம் அடித்தது. கண்ணைத் திறந்தேன். பாதை எங்களுக்கு அடியில் வெள்ளையாக உருகி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போலப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போதுமா சிஸ்டர்? கொறைக்கட்டா?" என்று காற்றுக்கு மேல் கத்தினார்.

"இன்னும்! இன்னும் வேகமா!" என்று யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். பாளையங்கோட்டையில் ஜெபமும் தையலும் கற்று வந்தவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.